வண்டிக்குச் சக்கரம் கிடைத்துவிட்டது

வீட்டுக்குள் புது டயர் வாசம் தாங்க முடியவில்லை. வெளியே போட்டால் மழையில் நனையும் என்று ஐந்து சக்கரங்களையும் முன்னறையில், உங்கள் நாற்காலி கிடந்த மூலையில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறேன். காபியில் ரப்பர் வாசம், ரசத்தில் ரப்பர் வாசம், நேற்று உள்ளே காயப்போட்ட சேலையிலும் அதே வாசம். உங்களுக்கு இது பிடிக்கும். டயர் கடையைக் கடக்கும்போதெல்லாம் பூக்கடை வாசலில் நிற்பவர் மாதிரி மூச்சை இழுத்து விடுவீர்கள். எனக்கு இப்போது அதை மோந்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஆமாம், வண்டிக்குச் சக்கரம் கிடைத்துவிட்டது. இந்தியாவிலேயே இல்லை என்று நீங்கள் அடித்துச் சொன்ன அதே சக்கரம். திண்டுக்கல்லில் இருந்தது. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுகிற தூரத்தில், நாலு வருஷமாக ஒரு கடையின் மூலையில் கிடந்திருக்கிறது.

இறந்துபோனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். உங்கள் முப்பதாம் நாள் ஜெபத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். பள்ளிக்கூட பஸ்ஸை இத்தனை வருஷம் ஓட்டியும் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை என்றார்கள். பொய் பேசத் தெரியாத மனுஷன் என்றார் ஒருத்தர். நானும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது தெரியும். அதனால் இந்தக் கடிதம் அந்த மாதிரி இருக்காது.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வெளிநாட்டுக்காரரும் அவர் மனைவியும் ஊருக்கே திரும்பிப் போனபோது, எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காமல் உங்களுக்குத்தான் கொடுப்பேன் என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே மடக்குக் கட்டில், இரண்டு அடுப்பு, கையளவு தொட்டி, துணி வைக்க அலமாரி. ஊரில் எல்லாரும் அதைக் கேரவன் என்றார்கள். நீங்கள் வண்டி என்று மட்டும்தான் சொல்வீர்கள். வில்பட்டியில் நம் வீட்டுக்குப் பின்னால், உங்கள் தம்பியின் பங்கில் இருந்த காலி இடத்தில், அதைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "டீச்சர், இனிமே நம்ம எந்த லாட்ஜுலயும் போயி ரூம் இருக்கான்னு கேக்க வேண்டியதில்ல" என்றீர்கள். கட்டின பெண்டாட்டியை டீச்சர் என்று கூப்பிட்ட ஒரே ஆள் இந்தக் கொடைக்கானல் மலையில் நீங்களாகத்தான் இருக்கும்.

நான் ரிட்டயர் ஆனதும் கன்னியாகுமரிக்குப் போய், அங்கிருந்து கடலோரமாகவே போகிற வரைக்கும் போவது என்பது திட்டம். மஞ்சள் துணி எடுத்து நானே திரை தைத்தேன். ஒத்திகை மாதிரி ஒரு தடவை கவுஞ்சி வரைக்கும் போனோம். பூண்டு பிடுங்குகிற சமயம். வயலோரத்தில் நிறுத்தி டீ போட்டோம். பூண்டுக்காரர்கள் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்களே" என்று சிரித்தார்கள். நிறுத்துகிற இடத்தில் எல்லாம் நான்தான் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன். மலையில் வண்டியைச் சரிவில் நிறுத்தினால் கட்டை வைக்க ஓர் ஆள் வேண்டும். லாரிக்கு அது கிளீனர், உங்களுக்கு அது நான். கல்யாணமான நாளிலிருந்து எந்த வண்டியில் போனாலும் அதுதான் என் உத்தியோகம். ஒரு தடவைகூட நீங்கள் இறங்கி வைத்ததில்லை, நான் ஒரு தடவைகூட அந்த வண்டியின் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

திரும்பி வரும்போதுதான் பூம்பாறை தாண்டி அந்தச் சத்தம். இறங்கிப் பார்த்தால் பின்சக்கரத்தின் டிஸ்க் விரிந்து கிடந்தது. டயரை அணைத்துப் பிடித்திருக்கிற இரும்பு வட்டம் அது. வெல்டு வைத்த இடத்தில் விட்டுப்போயிருந்தது. ஸ்டெப்னியை மாட்டி ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். மற்றதையும் கழற்றிப் பார்த்தால் எல்லாவற்றிலும் துரு, போல்ட் ஓட்டையெல்லாம் தேய்ந்து முட்டை வடிவம். நாலு பக்கமும் கல் அடுக்கி அதன் மேல் வண்டியை உட்காரவைத்தீர்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தது உங்கள் தேடல். அதன் அளவு வேறு, போல்ட் ஐந்துதான், இடைவெளி வேறு, டயரும் இப்போது வருவதில்லை என்று எனக்குப் பாடம் எடுத்தீர்கள். வேறு வண்டி டிஸ்க்கை மாட்டினால் என்ன என்று கேட்டேன். "கண்டதைப் போட்டா மலையில இறங்குறப்ப பல்லை இளிச்சிரும். நீ பேசாம இரு டீச்சர்" என்றீர்கள். சரி, உங்கள் தொழில், உங்களுக்குத்தான் தெரியும் என்று பேசாமல் இருந்தேன். மதுரைக்குப் போனீர்கள். கோயம்புத்தூருக்கு ஆள் விட்டீர்கள். ஒரு மாம்பழ சீசனில் திண்டுக்கல்லுக்குப் போய்விட்டு, கை நிறைய மாம்பழத்தோடு வந்து, "இந்தியா பூராவும் அந்த டிஸ்க் இல்லையாம்" என்றீர்கள். அதோடு தேடுவதையே விட்டுவிட்டீர்கள். மாம்பழம் நன்றாக இருந்தது. நான் உங்களுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே தின்றேன்.

நான் ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலையோடு வந்து அந்த வண்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கல் மேல் உட்கார்ந்திருந்தது.

அடுத்த குளிர்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் எழுந்தால் குதிகால் பூராவும் கொப்புளம். சூடு தெரியவில்லையா என்று கேட்டேன். "குளிர்ல மரத்துப் போயிருச்சு" என்றீர்கள். மலையில் இருக்கிறவர்களுக்குக் கால் மரத்துப்போவது ஒரு செய்தியா? மார்கழியில் இங்கே யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். தைலம் தேய்த்துவிட்டேன். எத்தனை குளிர்காலம் தேய்த்திருக்கிறேன். புண் ஆறவே இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில் முதலில் விரல் என்றார்கள், அப்புறம் பாதம் என்றார்கள், அப்புறம் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். எத்தனை நாளாகக் காலில் உணர்ச்சி இல்லை என்று அந்த டாக்டர் பெண் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "இந்தக் குளிர்லதாம்மா" என்றீர்கள். அவள் எழுதிக்கொண்டாள். நானும் நம்பினேன்.

இந்த வருஷம் தை பிறந்ததும் உங்கள் தம்பி வந்தார். டவுனில் அவருக்கு இரண்டு காட்டேஜ் ஓடுகிறது. பின்னாலிருக்கிற இடத்தில் மூன்றாவது கட்டப் போகிறாராம். "கோவிச்சுக்காதீங்க மதினி. அண்ணன் வண்டியை நான் காயலாங்கடைக்கா போடப் போறேன்? சுத்தி சிமெண்ட் போட்டு அப்படியே நிப்பாட்டிருவோம். இப்பல்லாம் சனங்க கேரவன்ல தங்கணும்னு தேடி வர்றாக. முன்னாடி ஒரு கேம்ப்ஃபயர் போட்டுவிட்டா அம்புட்டுத்தான்" என்றார். சக்கரம் கிடைத்தால் என்று கேட்டேன். சிரித்தார். "சீசனுக்குள்ள கிடைச்சு, வண்டியும் ஓடுச்சுன்னா நீங்களே எடுத்துக்குங்க. அண்ணனுக்கே கிடைக்கலையே மதினி."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இடம் அவருடையது, கேட்கிற முறையில்தான் கேட்டார். ஆனால் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. நான் தைத்த திரைக்குப் பின்னால் எவனோ வந்து படுத்து, போட்டோ எடுத்துவிட்டுப் போவான். கடலுக்குப் போக வேண்டிய வண்டி சிமெண்டுக்குள் நிற்கும். ஆகாது என்று முடிவுகட்டினேன். விரிந்துபோன அந்தப் பழைய டிஸ்க்கை என் சின்னக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

டவுனில் டயர் கடைக்காரர் பார்த்துவிட்டு, மியூசியத்தில் வையுங்கள் என்றார். வத்தலக்குண்டில் ஒருவர் என்னிடம் பேசாமல் என் பின்னால் யாராவது ஆம்பளை வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொருவர் இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார், போனேன், அவருக்கு என்னை நினைவே இல்லை. கடைசியாகத்தான் திண்டுக்கல். பழைய டயரும் டிஸ்க்குமாக மலை மாதிரி குவித்து வைத்திருந்த ஒரு கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயசு இருக்கும். டிக்கியைத் திறந்து டிஸ்க்கைக் காட்டினேன். பார்த்த உடனே, "இந்த வெல்டு வச்ச டிஸ்க்க நான் முன்னாடியே பாத்திருக்கேம்மா" என்றார். "கொடைக்கானல் அய்யா கொண்டாந்தது. ஸ்கூல் பஸ் ஓட்டுனவரு. அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

சொன்னேன். இப்போது நீங்கள் இல்லை என்பதையும் சொன்னேன்.

 அவர் உள்ளே போய், தார்ப்பாயை விலக்கி, மூலையிலிருந்த ஐந்து டிஸ்க்கைக் காட்டினார். "இது அவருக்குன்னு எடுத்து வச்சதும்மா. பழைய வேன் ஒண்ணுல கழட்டுனது. போல்ட்டு அப்படியே உக்காரும், இப்ப வர்ற டயரே இதுக்கு ஆகும். நடு ஓட்டைய மட்டும் லேத்துல குடுத்து ஒரு நூலு பெருசாக்கணும், அம்புட்டுத்தேன் சோலி. அய்யாவே பாத்து சரின்னாரு. வர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு, வரவே இல்ல."

ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் தயங்கினார். நான் விடவில்லை.

"அன்னைக்கு இதே டிஸ்க்கு மாட்டுன வண்டி ஒண்ணு இங்க நின்னுச்சும்மா. ஓட்டிப் பாக்குறேன்னாரு. அம்புட்டு வருச டிரைவருகிட்ட வேணாம்னா சொல்ல முடியும்? நல்லாத்தான் எடுத்தாரு. திருப்பிக் கொண்டாரப்ப நிறுத்தவே இல்ல. நேரா வந்து இந்த டயர் அடுக்குல முட்டுனாரு. செவுரா இருந்தா என்ன ஆயிருக்கும்? இறங்கி உக்காந்தாரு. டீ வாங்கியாரச் சொன்னேன், குடிக்கல. 'மிதிச்சேன்னுதாம்ப்பா நெனச்சேன். காலு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல'ன்னாரு. டாக்டர்ட்ட காட்டுங்கய்யான்னேன். தலைய ஆட்டுனாரு. வீட்ல சொல்லிராதப்பான்னாரு. எனக்கு உங்க வீடு எங்க இருக்குன்னே தெரியாதும்மா, நான் எங்க வந்து சொல்றது?"

வாசலில் மாம்பழ வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வெயிலில்தான் உங்கள் கால் மரத்துப்போயிருக்கிறது. குளிராம் குளிர்.

என்னிடம் சொல்லாததை ஒரு டயர் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவர் முகத்தை அதற்கு முன்னால் நீங்கள் பார்த்ததுகூட இல்லை. உங்களுக்குக் கஞ்சி வைத்து, தைலம் தேய்த்து, கம்பளி போர்த்திவிட்டவள் நான். உங்களிடம் எனக்குக் கிடைத்தது மாம்பழமும் ஒரு பொய்யும்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. சர்ச்சிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீடு வரைக்கும் நடந்து வந்தீர்கள். ஒன்று கழன்று விழுந்ததே தெரியவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன், நீங்கள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் கண் கூசுகிறது என்று தம்பியின் ஜீப்பை எடுப்பதை விட்டீர்கள், முதுகு வலி என்று ஸ்கூட்டரை விட்டீர்கள். அந்த மட்டுக்கும் யோக்கியம். யாரையும் ஏற்றிக் கொல்லவில்லை. இன்னொன்றுதான் என்னைக் குத்துகிறது. நான் கார் ஓட்டும்போது இடது பக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவீர்கள். ஒவ்வொரு வளைவிலும் மிதி. அந்தப் பக்கம் பிரேக் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு கட்டத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டீர்கள். என் ஓட்டு மேல் ஒருவழியாக நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்து, ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

அப்போதே டாக்டரிடம் போயிருந்தால் கால் தப்பியிருக்கும், ஆளும் தப்பியிருப்பீர்கள். அந்த டாக்டர் பெண்ணிடமாவது மூன்று வருஷம் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டீர்கள். காலில் உணர்ச்சியில்லை என்று சொன்னால் வண்டி ஓட்ட முடியாது என்று ஆகும். சக்கரம் கிடைத்துவிட்டது என்று சொன்னால் நீங்கள் ஓட்டியாக வேண்டும், இல்லையென்றால் நான் ஓட்ட வேண்டும். அதுதானே விஷயம்? டீச்சர் ஸ்டியரிங் பிடிக்க, டிரைவர் இறங்கிக் கட்டை வைப்பதை இந்த ஊர் பார்க்கக் கூடாது. அதற்கு வண்டி கல் மேலேயே இருக்கட்டும், இந்தியாவிலேயே டிஸ்க் இல்லாமல் போகட்டும். உயிரைவிடவா அது பெரிசு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நீ பேசாம இரு டீச்சர் என்பீர்கள். பேசாமல் இருந்தது போதும்.

இதற்கு மேல் அன்றைக்கு எழுத முடியவில்லை. எழுத்து எனக்கே படிக்கும்படியாக இல்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துத் தொடர்கிறேன். இப்போது வண்டிக்குள், மடக்கு மேஜையில் வைத்து எழுதுகிறேன்.

மெக்கானிக்கை வரவழைத்து என்ஜின், பிரேக் எல்லாம் சரிபார்த்துச் சக்கரம் மாட்டினோம். கல்லை எடுத்ததும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. உங்கள் தம்பி வாயைத் திறந்தபடி பார்த்தார். சொன்ன சொல்லை மீறவில்லை, அதற்காக அவரை மெச்ச வேண்டும். "ஒரு ஆக்டிங் டிரைவர் போட்டுக் குடுக்குறேன் மதினி, வெள்ளனே வரச் சொல்றேன்" என்றார்.

"நான்தான் ஓட்டப் போறேன்" என்றேன்.

"இது காரு இல்ல மதினி. கீழ எறங்குற ரோடு வேற."

"லைசென்ஸ்ல எனக்குக் காலும் கையும் நல்லாருக்குன்னு போட்டிருக்குய்யா. மெடிக்கல் பாத்துத்தான் குடுத்தாங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் கதையை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. உங்களைக் காப்பாற்றுவதற்காக இல்லை, சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவேன் என்று தெரியாததால்.

ஒரு வாரம் கவுஞ்சி ரோட்டில் போய் வந்து பழகிக்கொண்டேன். அப்புறம் ஒரு காலையில் கீழே இறங்கினேன். பெருமாள்மலை வரைக்கும் உங்கள் தம்பி பைக்கில் பின்னாலேயே வந்து, கையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு நானும் வண்டியும்தான். இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே இறங்கியது. ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒன்று ரோட்டையே அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. மிதித்தேன். பெடல் காலுக்கடியில் கெட்டியாக, வெதுவெதுப்பாக நின்றது. என் உள்ளங்கால், குதிகால், சுண்டுவிரல் எல்லாம் எனக்குத் தெரிந்தது. வண்டி நின்றது. பஸ் டிரைவர் என்னைப் பார்த்து, ஓர் அடி பின்னால் எடுத்து வழிவிட்டார்.

அந்த இடத்தில் காலுக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். வழி கிடைத்தும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. அந்தப் பயத்தை நீங்கள் மூன்று வருஷம் தனியாக வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருக்கிறீர்கள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் குறையவில்லை. பின்னால் லாரிக்காரர் ஹார்ன் அடித்ததும் கிளட்சை விட்டேன்.

வத்தலக்குண்டுக்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, கை பிரேக் போட்டு, நானே இறங்கிக் கட்டை வைத்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அய்யா தூங்குறாகளாம்மா உள்ள?" என்று கேட்டார். இல்லை என்று மட்டும் சொன்னேன்.

கன்னியாகுமரி வந்து சேர்ந்து இரண்டு நாளாகிறது. கடல் பெரிதாகத்தான் இருக்கிறது. ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. எதைப் பார்த்தாலும் உங்களோடு சண்டை போட ஆரம்பித்துவிடுகிறேன். நீங்கள் அன்றைக்கு மாம்பழத்தோடு வந்து, கால் போயிருச்சு டீச்சர், பயமா இருக்கு என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று வழியெல்லாம் யோசித்தேன். சிரித்திருக்க மாட்டேன். ஊரைக் கூட்டியிருக்க மாட்டேன். உங்களை இறக்கிக் கட்டை வைக்கச் சொல்லியிருக்கவும் மாட்டேன். அதையும் நானே வைத்திருப்பேன். அடுத்த நாளே டாக்டரிடம் கூட்டிப்போய், ஐந்து டிஸ்க்கையும் வாங்கி மாட்டி, டிரைவர் சீட் பக்கம் வந்து நின்று, "தள்ளி உக்காருங்க" என்று சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் சொல்லியிருப்பேன். வேறு ஒன்றும் இல்லை.

அதைச் சொல்ல விடாமல் போய்விட்டீர்கள். காலையில் வண்டியை எடுக்கும்போது வாய் வரைக்கும் வருகிறது. இடது பக்கம் யாரும் இல்லை. விழுங்கிவிட்டுக் கியரைப் போடுகிறேன்.